ஐம்பதுக்குப் பத்தொன்பது குறைவு

அந்தத் தெருவுக்கே அவள் அண்ணி. கடைக்காரர், தபால்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்த எதிர்வீட்டுப் பெரியவர் என்று எல்லாருக்கும் அவள் அண்ணிதான். காரணம் நாத்தனாரின் தொண்டை. முன்னறை ஜன்னலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சமையலறையில் நிற்பவளை எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி "அண்ணீ!" என்று கூப்பிடுவாள். நாள் முழுக்க அதையே கேட்டால் யாருக்கும் வாயில் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

வீட்டில் மூன்று பேர். அண்ணி, அவள் கணவர், கணவரின் தங்கை. கணவருக்குக் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலை. வாயைத் திறப்பதில் அந்த வால்வுகளைவிட இறுக்கமானவர். "எங்க அண்ணன் பேசாம மிச்சம் வைக்கிறதை எல்லாம் நான்தான் பேசித் தீர்க்கணும்" என்பாள் நாத்தனார். அவளுக்குக் கல்யாணமாகி ஒரே வருஷத்தில் அது முறிந்து, பதினாலு வருஷமாக அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையில் இருந்தால் எலியும் பூனையும்தான் என்று யாராவது சொன்னால், "எங்க வீட்ல பூனைக்கு வேலையில்ல, வெறும் எலிதான்" என்று சிரிப்பாள்.

எலி என்று அவள் சொன்னது அண்ணியின் வேலையை. நோய்க் கணக்கெடுப்புப் பிரிவு என்ற சின்ன அரசு அலுவலகத்தில் அண்ணி களப் பணியாளர். எலி பிடிக்கிற வேலை என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பிடிக்கிறது பூனையும் பிடிக்கும். நான் கணக்கெடுக்கிறேன்" என்பாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பிக் கூண்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வறுத்த கடலையோ கருவாட்டுத் துண்டோ வைத்து, புதரடி, சுவரோரம், குப்பைமேடு என்று பத்தடிக்கு ஒன்றாக வைத்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் போய் எடுப்பார்கள். அகப்பட்டதைத் துணிப்பைக்குள் தட்டி, வாயைக் கட்டி, எண் அட்டை மாட்டி அலுவலகத்துக்குக் கொண்டுவருவார்கள். மருந்துப் பஞ்சால் அதை மயங்கவைத்து, வெள்ளை எனாமல் தட்டில் கிடத்தி, அண்ணி மெல்லிய சீப்பால் ரோமத்தை எதிர்ப்பக்கமாக வாருவாள். பிறகு காதைப் புரட்டிப் பார்ப்பாள். மடலின் உட்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடியைக் கிள்ளி வைத்தது போல ஒரு திட்டு தெரிந்தால், தேடி வந்தது அதுதான்.

அது சிற்றுண்ணி. ஊசி முனை அளவுகூட இருக்காது. முட்டையிலிருந்து வெளியே வந்த பருவத்தில், ஆயுசில் ஒரே ஒரு தடவை, ஏதாவது ஓர் உடம்பில் ஒட்டிக்கொண்டு வயிறு நிரப்பும். எலி கிடைத்தால் எலி. புல்லில் மனுஷன் உட்கார்ந்தால் மனுஷன். அதனிடம் கிருமி இருந்தால் கடித்துப் பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் வரும். உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். சீக்கிரம் தெரிந்துவிட்டால் சாதாரண மாத்திரையிலேயே மூன்றாம் நாள் எழுந்து உட்காரலாம். தெரியாமல் போனால் நுரையீரலா மூளையா என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது. மடிப்பும் மறைவுமான இடமாகப் பார்த்து வரும். அதனால் அது உடம்பில் இருப்பது உடம்புக்காரருக்கே தெரியாது.

ஒவ்வொரு எலியிலும் எத்தனை சிற்றுண்ணி என்று எண்ணி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து, எரிசாராயம் ஊற்றிய குப்பியில் போட்டு, பென்சிலால் சீட்டு எழுதி உள்ளேயே போடுவாள். மை என்றால் கரைந்துவிடும். பதினேழு வருஷமாக அவள் கை நடுங்கியதில்லை. பிரிவின் அதிகாரி, எந்நேரமும் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்குவதால் லென்ஸ் சார் என்று பெயர் பெற்றவர், "உன் கண்ணுக்கு என் லென்ஸ் எல்லாம் சும்மாம்மா" என்று சொல்வார். அதை நாத்தனாரிடம் வந்து சொன்னபோது, "அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு உளுந்துல கல்லு பொறுக்க மட்டும் தெரியலையே" என்றாள்.

அந்த வருஷம் மழை முடிந்த கையோடு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்த குடியிருப்பில் ஏழு பேருக்கு இந்தக் காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. பிரிவில் இருந்த ஐந்து பேரும் மூன்று வாரம் அந்தத் தரிசு நிலத்திலேயே கிடந்தார்கள். பெருச்சாளிகள் நிறைய விழுந்தன. பெருச்சாளிக்குத் துணிப்பை ஒரு பொருட்டே இல்லை. பன்னிரண்டு பைகளைக் கடித்து வழி பண்ணிவிட்டன. புதுப் பை கேட்டு ஏற்கெனவே எழுதிய கடிதம் மூன்று மாதமாக எந்த மேஜையில் தூங்கியதோ தெரியாது.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? கொண்டாங்க அண்ணி, ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் நாத்தனார்.

பயன்படுத்திய பைகளைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி வெயிலில் காயவைக்க வேண்டும் என்பது விதி. அந்த வேலை அலுவலக உதவியாளருடையது. "முக்கியாச்சா?" என்று அண்ணி கேட்டாள். "ஆச்சு" என்றார் அவர். பைகள் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தன. ஒரு சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாத்தனார் இரண்டு மதியம் அவற்றை மடியில் போட்டுக்கொண்டு ஒட்டுப் போட்டாள். மூன்றாம் நாள் அவை திரும்பிப் போயின. எல்லாரும் அதோடு மறந்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள், ஒரு திங்கட்கிழமை, நாத்தனாருக்குத் தலைவலி வந்தது. சாயங்காலம் காய்ச்சல். தெருவில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்துக் கிளினிக் டாக்டர் மாத்திரை கொடுத்தார். புதன்கிழமையும் காய்ச்சல் இறங்கவில்லை. வியாழக்கிழமை களத்திலிருந்து வந்த அண்ணி, கையைக்கூடத் துடைக்காமல் அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"உடம்புல எங்கயாவது கறுப்பா பொருக்கு மாதிரி இருக்கா?"

"என்னையும் பெருச்சாளி லிஸ்ட்ல சேர்த்துட்டீங்களா?"

"விளையாடாத. கழுத்தைக் காட்டு."

கழுத்தைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், கை, கால், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "மத்த இடம்?" என்று கேட்டாள்.

"மத்த இடத்துலயும் ஒண்ணும் இல்ல. இருந்தா எனக்குத் தெரியாதா? போங்க அண்ணி, கூச்சமா இருக்கு."

நாத்தனாருக்கு ஊரே கேட்கிற வாய்தானே தவிர, உடை மாற்றுவதென்றால் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இருமுறை இழுத்துப் பார்க்கிற சுபாவம். பதினாலு வருஷத்தில் அண்ணி அவள் முதுகைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான உயிர்களை மல்லாத்திப் போட்டு வயிறும் தொடையும் பார்த்தவள், ஒரு போர்வையை விலக்க முடியாமல் எழுந்து போனாள். வலிக்காது, அரிக்காது, அதனால் அவளுக்கே தெரியாது என்பதை அண்ணியைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் ஐந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனாலும் எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் கிளினிக்கில் அண்ணியே கேட்டாள். "டாக்டர், உண்ணிக் காய்ச்சலா இருக்குமோ?"

டாக்டர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள். "நீங்க எலியையே பார்க்கிறவங்க. உங்களுக்கு எல்லாம் அதுவாத்தான் தெரியும். சரி, மனசு ஆறட்டும், ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் 'இல்லை' என்று முடிவு வந்தது. முதல் வாரத்தில் அந்தப் பரிசோதனை சில சமயம் ஏமாற்றும் என்று அண்ணிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தாளில் இல்லை என்று போட்டிருக்கிறது. கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. கணவர் அதை இரண்டு தடவை படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அதான் இல்லைன்னு வந்துடுச்சே" என்றார்.

அண்ணி லென்ஸ் சாரிடம் போனாள். "சார், நம்ம லேப்ல ஒரு தடவை பார்த்துட முடியுமா?"

"எலி ரத்தம்னா பார்ப்பாங்க. மனுஷ ரத்தத்தைத் தொட நமக்கு அனுமதி இல்லையேம்மா."

"மாத்திரையாவது..."

"நான் பூச்சி படிச்சவன். மருந்து எழுதினா என் வேலையும் போகும், உனக்கும் பிரச்சினை. இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்னு இருக்காத. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

அவள் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது நாத்தனாரே மறுத்துவிட்டாள். நாளைக்கு ஒரு பெண்ணுக்கு ரவிக்கை கொடுக்கணும், ஊக்கு மட்டும்தான் பாக்கி என்றாள். சனிக்கிழமை காலையில் அந்த ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாருடையது என்று கேட்டாள். தானே வெட்டித் தைத்தது அவளுக்கு நினைவில்லை. அதற்கப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. கணவர் ஆட்டோவைக் கூட்டிவந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தாள். பத்து நிமிஷத்தில் திரையை இழுத்துவிட்டு, நர்ஸை வைத்துக்கொண்டு, நாத்தனாரின் இடது மார்பைத் தூக்கிப் பார்த்தாள். அடி மடிப்பில் இருந்தது. கறுப்பாக, வட்டமாக, ஓரம் சிவந்து, ஒரு சட்டைப் பொத்தான் அளவில். "யாராவது முன்னாடியே பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று அவள் பொதுவாகச் சொன்னாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற அண்ணிக்கு அது பொதுவாகக் கேட்கவில்லை.

மருந்து ஏறியது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் மூச்சுக்கு ஐந்து நாள் குழாய் வைக்க வேண்டியிருந்தது. வலிப்பு இரண்டு தடவை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீல நிற இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் அதில் ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கணவர் தரையைப் பார்த்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"அந்தப் பையெல்லாம் வீட்டுக்கு வந்துச்சுல்ல."

கேள்வியாகச் சொல்லவில்லை. குற்றமாகவும் சொல்லவில்லை. வாரியத்தில் குழாய் உடைந்தால், எந்த வால்வை மூடாமல் விட்டோம் என்று யோசிப்பாரே, அந்த மாதிரிச் சொன்னார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் அண்ணி ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

இருபத்து மூன்று நாள் கழித்து நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று மெஷின் முன்னால் உட்கார்ந்து பெடலை நாலு தடவை மிதித்துப் பார்த்தாள். நிறுத்திவிட்டு, "இது ஓடுதா அண்ணி?" என்று கேட்டாள். ஊசி மேலும் கீழும் போய்க்கொண்டுதான் இருந்தது. மயக்கம் தெளிந்த நாளிலிருந்து காது அடைத்திருக்கிறது, தண்ணீர் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடைப்பு இல்லை. நரம்பு. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றார் காது டாக்டர்.

அந்த வீட்டில் இருந்ததே பேச்சுதான். அது ஒரு பக்கத்துக் கதவாகச் சாத்திக்கொண்டது. நாத்தனார் பேசுவாள், முன்னைவிடச் சத்தமாகவே. பதில் மட்டும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கிண்டலுக்குப் பதில் கிண்டலை எழுதிக் காட்டுவதற்குள் அது ஆறிப்போய்விடும். கொஞ்ச நாளில் அண்ணி தேவையானதை மட்டும் எழுத ஆரம்பித்தாள். 'மருந்து', 'சாப்பாடு', 'யாரோ வந்திருக்காங்க.'

பை. அந்த ஒரு சொல் அண்ணியின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. உதவியாளரைப் போய்ப் பிடித்தாள்.

"அந்த வாரம் பையெல்லாம் வெந்நீர்ல முக்கினீங்களா, இல்லையா? உள்ளதைச் சொல்லுங்க."

"முக்கினேன்னுதான் நினைக்கிறேன்ம்மா."

"நினைக்கிறீங்களா?"

"அடுப்பு ரிப்பேரா இருந்தது அந்த வாரமா, அதுக்கு முந்தின வாரமான்னு... பச்சைத் தண்ணியிலயாவது அலசியிருப்பேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்த மனிதர். அவளால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

லென்ஸ் சார் சமாதானம் சொன்னார். "எலி மேல ஒட்டி வயிறு நிறைஞ்சது மறுபடி யாரையும் கடிக்காதும்மா. அதுக்கு ஆயுசுல ஒரு தடவைதான். உனக்குத் தெரியாததா?"

"எலி ரோமத்துல இருந்து, இன்னும் ஒட்டாதது பையில விழுந்திருந்தா?"

"வாய்ப்பு ரொம்பக் குறைவு."

"குறைவுன்னா இல்லைன்னு அர்த்தமா சார்?"

அவர் கழுத்திலிருந்த லென்ஸைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வீடு கட்டாமல் விட்ட ஒரு மனை. மழைக்குப் பிறகு இடுப்பளவு புல். மதியச் சாப்பாடு முடிந்ததும் நாத்தனாரும் அடுத்த வீட்டுக்காரியும் அங்கே வெயிலுக்கு உட்கார்ந்து பேசுவார்கள். பொத்தான் வைக்கிற வேலை, ஊக்குத் தைக்கிற வேலை எல்லாம் அங்கேதான். பைகளுக்கு ஒட்டுப் போட்ட அதே வாரத்திலும் உட்கார்ந்தார்கள். அந்தப் புல்லில் சிற்றுண்ணி இருந்து, அதில் கிருமியும் இருந்தால், அதிலிருந்து வந்ததாக இருக்கலாம். பையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். நாள் கணக்கு இரண்டுக்கும் பொருந்தியது. பையெல்லாம் அதற்குப் பிறகு பலமுறை வெந்நீர் கண்டுவிட்டன. அவற்றிடம் இனிக் கேட்க ஒன்றுமில்லை. மனையைக் கேட்கலாம்.

அண்ணி அனுமதி வாங்கிக்கொண்டு பன்னிரண்டு கூண்டுகளை அங்கே வைத்தாள். தன் வீட்டுச் சமையலறை ஜன்னல் தெரிகிற இடத்தில் கூண்டு வைப்பது அதுவே முதல் தடவை. மூன்று நாளில் இரண்டு மூஞ்சூறும் ஒரு எலியும் அகப்பட்டன. முதல் மூஞ்சூறின் காதைப் புரட்டியபோது அந்த ஆரஞ்சுத் திட்டு இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வந்தது சந்தோஷம். அடுத்த நிமிஷமே தன் மேல் அருவருப்பாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். மூன்றிலும் சேர்த்து முப்பத்தொன்று. தனிக் குப்பியில் போட்டு, 'வீட்டுப்புறம், காலி மனை' என்று பென்சிலால் அழுத்தி எழுதி, மற்றக் குப்பிகளோடு தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அது வேறு ஊரில் இருந்தது. முடிவு வர மூன்று மாதம்.

அதற்கு இடையில் இன்னொன்று நடந்தது. நோயாளி வீட்டைச் சுற்றிப் புதர் இருந்தால் நகராட்சிக்கு எழுத வேண்டும் என்பது பிரிவின் வழக்கம். அந்தப் படிவத்தை அண்ணியேதான் நிரப்பினாள். தன் வீட்டு எண்ணையே எழுதினாள். எப்போதும் ஆறு மாதம் எடுத்துக்கொள்கிற நகராட்சி இந்தத் தடவை பத்தே நாளில் வந்துவிட்டது. இயந்திரத்தை விட்டு மனையை வழித்தெடுத்து, மண் தெரிய மருந்தடித்துவிட்டுப் போனார்கள். தெருவே பாராட்டியது. அடுத்த வீட்டுக்காரி, "உங்க கை பட்டா வேலை நடக்குது அண்ணி" என்றாள்.

மூன்றரை மாதம் கழித்து முடிவு வந்தது. அலுவலகத்தில் லென்ஸ் சார்தான் தாளைக் கொடுத்தார். பதினொரு வரிசை. கடைசி வரிசையில், 'தரிசு நிலம் மற்றும் வீட்டுப்புறம்: ஐம்பது சிற்றுண்ணிகள், கிருமி உண்டு' என்று இருந்தது.

அண்ணி மூன்று தடவை படித்தாள். அவள் அனுப்பியது முப்பத்தொன்று. ஐம்பது எப்படி வந்தது? தலைமை ஆய்வகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு பெண். குரலில் வயது தெரியவில்லை. நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"ஐம்பது இருந்தாத்தான் அக்கா ஒரு தொகுதி. உங்களோடது பத்தொன்பது குறைஞ்சுது. அதே வாரத்துல வந்த தரிசு நிலக் குப்பியில மிச்சம் இருந்தது, சேர்த்துட்டோம். எப்பவும் அப்படித்தானே செய்வோம்?"

எப்போதும் அப்படித்தான். அண்ணிக்கே தெரியும். பதினேழு வருஷமாக அவள் அனுப்பிய எத்தனையோ குப்பிகளை அப்படிச் சேர்த்திருப்பார்கள். ஒரு தடவைகூட அவள் ஏன் என்று கேட்டதில்லை.

"எது எதுல இருந்ததுன்னு இப்ப பிரிச்சுப் பார்க்க முடியாதா?"

"எல்லாத்தையும் ஒண்ணா அரைச்சுத்தானே அக்கா பார்க்கிறோம். அரைச்ச மாவைக் காட்டி இது எந்த வயல் அரிசின்னு கேட்டா நான் என்ன சொல்ல?" அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ரொம்ப முக்கியமா? வேணும்னா மறுபடியும் அதே இடத்துல பிடிச்சு அனுப்புங்களேன்."

அண்ணி போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே இடம் என்று ஒன்று இப்போது இல்லை. மனையில் புல் இல்லை, எலி இல்லை, பருவமும் முடிந்துவிட்டது. அதை இல்லாமல் பண்ணுவதற்கான படிவத்தில் கீழே இருந்தது அவள் கையெழுத்து.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது நாத்தனார் மெஷினில் இருந்தாள். மறுபடியும் தைக்கத் தொடங்கியிருந்தாள். நூல் அறுந்தால் முன்பெல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தலையைத் திருப்பிக்கொண்டு பேசியபடியே நிறுத்துவாள். இப்போது இடது கையை மெஷினின் கழுத்தில் வைத்துக்கொண்டு, அந்த அதிர்வை வைத்துத்தான் ஓட்டினாள். அப்படியும் சில சமயம் நூல் இல்லாமலே ஒரு முழம் தைத்துவிடுவாள்.

அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் பெடலை நிறுத்தினாள்.

"என்ன, முடிவு வந்துடுச்சா?"

அண்ணி அவளிடம் குப்பி அனுப்பியதைச் சொல்லியிருக்கவில்லை. கணவர் எழுதிக் காட்டியிருப்பாரோ, சமையலறை ஜன்னலிலிருந்து கூண்டுகளைப் பார்த்தே புரிந்துகொண்டாளோ. அண்ணி ஆமென்று தலையை ஆட்டினாள்.

நாத்தனார் ஊசியிலிருந்து துணியை மெதுவாக எடுத்தாள். நேராகக் கேட்டாள். "அந்தப் பையிலேருந்தா வந்துச்சு?"

தாளும் பென்சிலும் மேஜையில் இருந்தன. 'இல்லை, மனையிலிருந்து' என்று எழுதுவது ஒன்றும் கடினமில்லை. யாரும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. அந்த வீட்டில் மூன்று பேரும் அதை நம்பிக்கொண்டு சோறு தின்று தூங்கியிருக்கலாம். 'ஆமாம், பையிலிருந்துதான்' என்று எழுதினால் அழலாம், மன்னிப்புக் கேட்கலாம், திட்டு வாங்கலாம். அதுவும் ஒரு வழிதான். பென்சிலை எடுத்த அண்ணி இரண்டையும் எழுத முடியாமல் நின்றாள்.

'தெரியல' என்று எழுதினாள்.

நாத்தனார் தாளை வாங்கிப் பார்த்தாள். நாலெழுத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரத்தைவிட அதிகமாகப் பார்த்தாள்.

"அத்தனை எலியைப் பிடிச்சிருக்கீங்க. உங்களுக்குமா தெரியல?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். குத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அண்ணி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். முன்னறையில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பிறகு நடந்ததைச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பைகளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதே வாரத்தில் புதுப் பைகளும் வந்தன, ஒன்றல்ல, நூறு. அலுவலகத்தில் உட்காருகிற வேலை ஏதாவது தரும்படி அண்ணி எழுதிக் கொடுத்தாள். உங்களை மாதிரிக் கண்ணும் கையும் இன்னொருவருக்கு வர வருஷக்கணக்காகும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். பாராட்டாகச் சொன்னதுதான். காலையில் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் பின்பக்கம் போய்க் குளித்து, துணியைத் தனி வாளியில் ஊறவைத்துவிட்டுத்தான் நாத்தனாருக்கு முன்னால் வருவாள். கணவர் அந்த வாளிக்காகப் பின்பக்கச் சுவரில் ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தார்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காது பரிசோதனை. மூன்றாம் தடவை அண்ணி கூடப் போனாள். கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே நாத்தனார் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பொத்தானோடு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே பரிசோதகர் தன் இயந்திரத்தில் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் சத்தம் அனுப்பும்போதெல்லாம் இயந்திரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு அது தெரிந்தது.

விளக்கு எரிந்தது. உள்ளே நாத்தனார் பொத்தானை அழுத்தினாள். மறுபடி எரிந்தது. மறுபடி அழுத்தினாள். அண்ணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஐந்தாவது தடவையும் சரியாக அழுத்தியபோது பரிசோதகர் கையை எடுத்துவிட்டு, அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கம்மா."

"ஏன்?"

"உங்க முகத்தைப் பார்த்துத்தான் அழுத்துறாங்க."

அண்ணி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளிர்மஞ்சள் சுண்ணாம்பில் ஓர் ஆணி இருந்தது. பின்னால் குமிழ் திரும்புகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. உள்ளே பொத்தானை அழுத்துகிறாளா இல்லையா என்பது கேட்கவில்லை. பத்து நிமிஷமோ என்னவோ, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வலது காதில், தடித்த சத்தங்கள் மட்டும் கொஞ்சம். இடது காதில் ஒன்றுமில்லை. போன தடவை இருந்தது போலவேதான். இனி இவ்வளவுதான் இருக்கும் என்றார் பரிசோதகர்.

வெளியே வந்ததும் நாத்தனார், வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்டாள். "எத்தனை மார்க்கு? பாஸா?"

அண்ணி தாளை அவளிடமே கொடுத்தாள். நாத்தனார் அதில் மேலும் கீழும் போன கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள். படிக்கட்டு வந்தது. அண்ணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.